கழற்றிய வீடு வன்னியில் எழும்ப: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்தில் இருந்த அம்மம்மாவின் ஓட்டு வீட்டைக் கழற்றி, வன்னியில் ஒட்டுசுட்டானில் எங்கள் காணியில் மறுபடி நிறுத்தி நாலு வருடமாகிறது. அதற்குப் பிறகு உறவினர், அயலவர் என்று இன்னும் சில வீடுகளின் கூரை இறங்கும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேன். கலியாண வீட்டிலும் கோயில் வீதியிலும் வைபரிலும் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்ததைக் கீழே சொல்கிறேன்.

தம்பி, வீட்டைக் கொண்டு போறதெண்டா என்னத்தைக் கொண்டு போறது? சுவரையுமோ?

சுவர் வராது. யாழ்ப்பாணத்துப் பழைய சுவர் சுண்ணாம்புக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். தட்டினால் பாதி கல்லாகவும் பாதி தூளாகவும் விழும். அதை ஏற்றுகிற லொறிக் கூலிக்கு வன்னியிலே கருங்கல் வாங்கி அத்திவாரமே போட்டுவிடலாம். குடாநாட்டுக்குக் கீழே கிடப்பது சுண்ணாம்புப் பாறை, வன்னியின் பெரும்பகுதிக்குக் கீழே கருங்கல். அந்தந்த மண்ணில் உள்ளதைக் கொண்டு சுவரை எழுப்புவதுதான் முறை.

வருவது கூரையும் வாசலும். ஓடு, முகட்டுவளை (முகட்டில் கிடக்கும் நீள மரம்), தீராந்தி (சுவருக்குச் சுவர் கிடக்கும் உத்தரம்), கைமரம் (முகட்டிலிருந்து சரிந்து வரும் மரம்), சிலாகை (ஓட்டைத் தாங்கும் மெல்லிய சட்டம்), தூண், நிலை (வாசற் சட்டம்), கதவு, யன்னல். இவற்றோடு படிக்கல், தூணின் அடிக்கல், அம்மி, ஆட்டுக்கல். வன்னிச் சனத்துக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. 2008இலும் 2009இலும் கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து கிழக்கே இடம்பெயர்ந்தவர்கள் கூரைத் தகரத்தையும் நிலை கதவையும் ட்ரக்டரில் ஏற்றிக்கொண்டுதான் போனார்கள். நாலு தடி நட்டு அந்தத் தகரத்தைப் போட்டால் அது வீடு. அன்று உயிருக்கு ஓடும்போது செய்ததை இன்று ஆறுதலாக, ஒழுங்காகச் செய்யப் போகிறோம்.

யாக்கி வைச்சு முழு வீட்டையும் தூக்கி நகர்த்திற வீடியோ பார்த்தனாங்கள். அப்பிடிச் செய்யேலாதோ?

அது கொங்கிறீற் வளையம் உள்ள வீட்டுக்கு. உயர்த்தவோ சில அடி நகர்த்தவோ முடியும். சுண்ணாம்புச் சுவர் அந்த அசைவைத் தாங்காது. தாங்கினாலும் ஆனையிறவு கடந்து 100 கிலோமீற்றர் கொண்டுவர வழியில்லை.

எங்கட வீடு கழட்டத் தகுதியானதோ எண்டு எப்பிடிப் பார்க்கிறது?

ஓடாவியார் (தச்சர்) ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஏணியோடு போங்கள். நடுவில் நின்று மேலே பார்த்து எல்லாம் வடிவாக இருக்கிறது என்று முடிவெடுக்க வேண்டாம். மரம் கெடுவது சுவருக்குள் புதைந்திருக்கும் முனைகளில்தான். தீராந்தி சுவரில் இருக்கிற இடத்திலும், கூரையின் தாழ்வாரப் பக்கத்திலும், நிலையின் அடிக்காலிலும் ஒரு திருப்புளியை (ஸ்க்ரூ டிரைவரை) குத்திப் பாருங்கள். அரை அங்குலம் லேசாக இறங்கினால் அந்த முனை போய்விட்டது. முனை மட்டும் போயிருந்தால் வெட்டி, ஒட்டு வைக்கலாம். நடுவும் மெதுவென்றால் விட்டுவிடுங்கள்.

ஓடுகளை விரல் மூட்டால் தட்டுங்கள். மணிபோலக் கேட்டால் நல்லது, செத்த சத்தம் வந்தால் வெடிப்பு. பனங்கைமரம் கறுத்து வைரமாக இருந்தால் இன்னொரு தலைமுறைக்கு நிற்கும். முதிரையும் பாலையும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். முந்திய தலைமுறைகளில் அவை வன்னிக் காட்டிலிருந்தே யாழ்ப்பாணத்துக்குப் போனவை.

புதுசாக் கட்டிறதை விட மலிவோ, அண்ணை?

எப்போதும் இல்லை. கழற்றுகிற கூலி, எண்ணிடுகிற நாட்கள், ஏற்றி இறக்கிற கூலி எல்லாம் சேரும். சாதாரணப் பலகையும் தகரமும் உள்ள வீடென்றால் கழற்ற வேண்டாம் என்றே சொல்லுவேன். ஆனால் முதிரைத் தீராந்தியும் அகல நிலையும் இன்றைக்குக் காசு கொடுத்தாலும் அதே தரத்தில் கிடைப்பது அரிது. அதோடு அம்மா பிறந்த அறையின் கதவை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. எங்கள் வீட்டில் முடிவைத் தீர்மானித்தது இதுதான். அதை மறைத்துக் கணக்கு மட்டும் சொன்னால் நான் சொல்வது உண்மையாகாது.

எந்த மாதத்தில தொடங்கலாம்?

இதில் பிழைவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. வன்னியின் பெருமழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. அதற்கு முன் ஓடு ஏறிவிட வேண்டும். புரட்டாதியில் கூரை ஏறாத வீடு மழை முழுக்க நனையும். இதை வைத்துப் பின்பக்கமாக எண்ணுங்கள்.

தையும் மாசியும் நல்ல வெயில் என்று பலர் அப்போதே தொடங்க நினைப்பார்கள். அது காலபோக (மழைக்கால நெல்) அறுவடைக் காலம். ஆளும் ட்ரக்டரும் வயலில் நிற்கும். அந்த மாதங்களைக் கடதாசி அலுவல்களுக்கும் பழைய வீட்டை அளந்து எண்ணிடுவதற்கும் வையுங்கள். பங்குனியில் புதுக் காணியில் அத்திவாரம். சித்திரை வருடப்பிறப்பு முடியக் கழற்றத் தொடங்கலாம். சித்திரையில் பின்னேர இடிமழை வரும், தறப்பாள் கையில் இருக்கட்டும். வைகாசிக்குள் ஏற்றி முடித்து, ஆனியில் சுவர் முடிந்து, ஆடியில் கூரை. ஆடியில் நல்ல காரியம் தொடங்கமாட்டார்கள் என்பது தெரியும். வாசல் நிலையை நிறுத்தும் நிலைவைப்பை ஆனியிலேயே முடித்துவிட்டால் கூரை வேலை தொடர்ச்சிதான், தொடக்கமில்லை என்று எங்கள் ஐயர் சொன்னார். குடிபூரல் (புதுமனை புகுதல்) ஆவணியில் வரும்.

ஒன்று கவனம். ஆனியிலும் ஆடியிலும் சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) பலமாக அடிக்கும். முகட்டுவளையைத் தூக்குகிற நாளில் விடியப்புறமே தொடங்கி, காற்று எழும்ப முன் ஆணி அடித்து முடித்துவிடுங்கள்.

கிணறு இந்தக் கணக்குக்குள் வராது. அதை முந்திய வருடம் ஆவணி, புரட்டாதியில் வெட்டுங்கள். நீர் மிகக் கீழே போகும் காலத்தில் தண்ணீர் கண்டால்தான் வருடம் முழுக்க நிற்கும். குடிக்க முன் நீர் வழங்கல் சபையில் தண்ணீரைப் பரிசோதியுங்கள். வவுனியாப் பக்கத்தில் சில இடங்களில் புளோரைட் கூடுதல்.

எங்கட காணி பேமிற் காணி. கட்ட விடுவினமோ?

வன்னியில் குடியேற்றத் திட்டக் காணிகளில் பெரும்பாலானவை 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்தவை. பேமிற் (அரச காணி அனுமதிப்பத்திரம்) உங்கள் பெயரில் இருந்தால் மேட்டுக்காணித் துண்டில் வீடு கட்டலாம். ஆனால் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அதை விற்கவோ கைமாற்றவோ முடியாது. பேமிற்காரரிடம் கைக்கடதாசி எழுதி வாங்கிய காணியில் பரம்பரை வீட்டைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். முதலில் பெயரை மாற்றுங்கள், பிறகு மரத்தைத் தொடுங்கள். தகப்பன் பெயரில் இருந்தால் பின்னுரித்தாளர் (அவருக்குப் பிறகு காணிக்கு உரியவர்) யார் என்று பதிவில் பாருங்கள். எந்தக் காணியானாலும் பிரதேச சபையில் கட்டட அனுமதி எடுக்க வேண்டும்.

வயற்காணி வேறு விஷயம். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதி இல்லாமல் வயலை நிரப்பி வீடு கட்ட முடியாது. குளத்து ஒதுக்கீட்டுக்குள்ளும் கட்ட முடியாது. பத்தையாய்க் கிடந்த காணியென்றால் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் எங்கே நிற்கிறது என்பதையும் நடந்து போய்ப் பாருங்கள்.

மேட்டுக்காணி எண்டு சொல்லித்தான் வாங்கினது. வெள்ளம் வருமோ?

சொன்னவரை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் இருக்கும் வயதானவரைக் கேளுங்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மேடு என்று நம்பிய எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. "அந்த வருசம் தண்ணி எவ்வளவுக்கு வந்தது?" என்று கேட்டால் கையைச் சுவரில் வைத்துக் காட்டுவார்கள். அந்தக் கைக்கு மேல் ஓரடி உயர்த்தி அத்திவாரம் போடுங்கள்.

குளத்தை அண்டிய களிமண்ணும் கவனிக்க வேண்டியது. மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும். அங்கே ஆழமாக வெட்டி, கிரவல் போட்டு இறுக்காமல் சுவர் எழுப்பினால் இரண்டாம் வருடம் சுவர் பிளக்கும்.

காணி கனவருசமாப் பத்தையாக் கிடக்கு. ட்ரக்டரை விட்டு உழுதிட்டு அத்திவாரம் வெட்டலாமோ?

வேண்டாம். அந்தக் காணியில் கண்ணிவெடி அகற்றியாயிற்றா என்று முதலில் கிராம அலுவலரிடமும் கச்சேரியிலும் (மாவட்டச் செயலகத்திலும்) கேளுங்கள். "சனம் நடமாடுது தானே" என்பது பதில் அல்ல. நடக்கிற பாதைக்கு ஆறடி தள்ளி இருப்பது வேறு கதை. சந்தேகமான பொருள் ஒன்றைக் கண்டால் தொடாமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். பத்தை வெட்ட வரும் கூலியாட்களுக்கும் இதை வேலை தொடங்க முன் சொல்வது உங்கள் கடமை.

மரம் ஏத்தினா வழியில மறிப்பாங்களாமே?

மறிப்பார்கள், மறிக்கத்தான் வேண்டும். கள்ள மரம் இந்த வீதியால்தான் ஓடுகிறது. பழைய வீட்டு மரமென்றாலும் மரம் மரம்தான். வீடு இருக்கிற பகுதிக் கிராம அலுவலரிடம், இன்ன வீட்டைக் கழற்றிய மரம் என்று கடிதம் எடுங்கள். மரங்களின் எண்ணிக்கையும் நீள அகலமும் கொண்ட பட்டியலும், கழற்ற முன் எடுத்த படங்களும் சேர்த்து மரப் போக்குவரத்து அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பியுங்கள். கீழே எண்ணிடுவது பற்றிச் சொல்லும் பட்டியல் இங்கேயும் உதவும்.

எங்கள் இரண்டாவது லொறியில் பட்டியலில் இல்லாத ஆறு துண்டு சிலாகை இருந்தது. ஒரு சோதனை நிலையத்தில் பாதி நாள் நின்றோம். பிழை எங்களுடையது. பகலிலேயே புறப்பட்டுப் பகலிலேயே இறக்குங்கள், இரவில் மரம் ஏற்றி ஓடவேண்டாம். கழற்றும்போது வளவில் நிற்கும் பனையையோ பலாவையோ சேர்த்துத் தறிக்க யோசித்தால் அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

எண் போடோணும் எண்டு சொல்லுறியள். சோக்கால போட்டாக் காணாதோ?

காணாது. நாங்கள் முதல் நாள் சோக்கால் எழுதினோம். விடியப் பனியில் பாதி அழிந்துவிட்டது. பிறகு பால்மா ரின்னை வெட்டித் தட்டையாக்கி, ஆணியால் எண்ணைக் குத்திப் பொழித்து, ஒவ்வொரு மரத்திலும் சிறிய ஆணியால் அடித்தோம். மழைக்கும் போகாது, பெயின்ற் பூசினாலும் விரலால் தடவி வாசிக்கலாம்.

எண்ணை எங்கே அடிக்கிறோம் என்பதும் முக்கியம். கைமரத்தில் எப்போதும் முகட்டைப் பார்க்கிற முனையில் அடியுங்கள். பிறகு எது மேல், எது கீழ் என்று சண்டை வராது. கிழக்குக் கைமரம், மேற்குக் கைமரம் என்று பெயர் வைக்காதீர்கள். புதுக் காணியில் வாசல் திரும்பினால் திசை எல்லாம் குழம்பும். தலைவாசலில் உள்ளே பார்த்து நின்று இடம், வலம், முன், பின் என்று வையுங்கள். "இ-7" என்றால் இடப்பக்கம், முன்னிருந்து ஏழாவது. அதே எண்ணோடு கொப்பியில் படம் கீறி, இரண்டு பிரதி எடுத்து இரண்டு ஆட்களிடம் கொடுங்கள். கைத்தொலைபேசிப் படத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

இறக்குகிற ஒழுங்கு: முகட்டு ஓடு, மற்ற ஓடு, சிலாகை, கைமரம், முகட்டுவளை, தீராந்தி. நிலையைக் கடைசியில் எடுங்கள். எடுக்க முன் குறுக்கும் மறுக்குமாக இரண்டு சிலாகை அடித்தால்தான் மூலைமட்டம் குலையாது. மர முளைகளை உடைக்காமல் பின்பக்கத்தால் தட்டி எடுங்கள்.

எங்கள் தீராந்திகளைக் கீழே இறக்கி, முனையில் இருந்த சுண்ணாம்பைத் தேங்காய்ப்பொச்சால் தேய்த்தபோது உளியால் வெட்டிய கோடுகள் தெரிந்தன. முதலாவதில் ஒரு கோடு, அடுத்ததில் இரண்டு, பிறகு மூன்று, நாலு. சுவரிலும் அதே கோடுகள். ஓடாவியார் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் அதைத் தடவிக்கொண்டு நின்றார். அந்த வீட்டைக் கட்டியவரும் மரத்தைக் கீழே வைத்துப் பொருத்திப் பார்த்து, எண்ணிட்டுத்தான் மேலே ஏற்றியிருக்கிறார்.

லொறியோ ட்ரக்டரோ?

ஏ9 வீதியால் வருவதற்கு லொறி, உள்வீதிக்கு ட்ரக்டர். 100 சதுர அடிக் கூரைக்கு ஏறத்தாழ 150 ஓடு, ஓர் ஓடு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. 1200 சதுர அடிக் கூரையென்றால் ஓடு மட்டும் நாலரைத் தொன். ஓட்டைப் படுக்கப் போடாமல் விளிம்பில் நிறுத்தி, வரிசைக்கு நடுவே வைக்கோல் திணியுங்கள். உள்வீதிப் பள்ளத்தில்தான் ஓடு உடையும். பத்துக்கு ஒன்று போகும் என்று மனதை ஆயத்தப்படுத்துங்கள். பூநகரிப் பக்கம் போகிறவர்களுக்கு 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம் வழியைக் குறைக்கும்.

இறக்கி வைச்ச மரத்துக்குக் கறையான் பிடிச்சிட்டுது. என்ன செய்யிறது?

நிலத்தில் வைத்திருப்பீர்கள். வன்னி மண்ணில் ஒரு கிழமை போதும். கல் அடுக்கி, அதன் மேல் மரத்தை ஒன்றரை அடி உயரத்தில், இடைவெளி விட்டுக் கிடத்துங்கள். கல்லின் அடியில் கழிவு ஒயில் ஊற்றுங்கள். தறப்பாளை மரத்தோடு ஒட்டப் போர்த்தாமல் காற்றுப் போக விடுங்கள், மூடிக் கட்டினால் புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். ஏற்கெனவே பிடித்ததைச் சுரண்டி, வெயிலில் போட்டு, திருப்புளியால் மறுபடி குத்திப் பாருங்கள்.

இரண்டு அறையைக் குறைச்சுக் கட்ட யோசிக்கிறம். கூரை பொருந்துமோ?

நீளத்தைக் குறைக்கலாம், அகலத்தைத் தொடாதீர்கள். நீளத்தில் ஒரு தீராந்தி இடைவெளியைக் கழித்தால் அந்தப் பகுதிக் கைமரங்கள் மிச்சமாகும், அவ்வளவுதான். அகலத்தைக் குறைத்தால் ஒவ்வொரு கைமரமும் வெட்டுப்படும், இல்லாவிட்டால் கூரையின் சரிவு மாறும். நாற்சார் வீடென்றால் (நடுவில் முற்றம் உள்ள வீடு) முற்றத்தின் நாலு மூலை ஓடையையும் அப்படியே எடுத்தால்தான் பொருந்தும்.

பழைய சுவர் ஒருநாளும் நேர்க்கோட்டில் இருக்காது. எங்கள் வீட்டின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நாலு அங்குல வித்தியாசம். மேசன் அதைத் திருத்தி நேராகக் கட்டிவிட்டார், ஏழு கைமரம் சுவருக்கு எட்டவில்லை. கழற்ற முன் இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து, அந்த அளவிலேயே அத்திவாரம் வெட்டச் சொல்லுங்கள். தீராந்தி முனையைச் சீமெந்தில் புதைக்கவும் விடாதீர்கள். மூன்று பக்கமும் விரலளவு காற்றிடைவெளி வேண்டும். பழைய பனைக்கு நேராக ஆணி இறங்காது, துளைபோட்டு அடிக்க வேண்டும்.

வீட்டுத்திட்ட வீடு ஏற்கெனவே வளவில நிக்குது. அதோட ஒட்டலாமோ?

இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா உதவியோடு கட்டிய வீடுகள் வன்னி முழுக்க நிற்கின்றன. ஒட்ட வேண்டாம். இரண்டு அத்திவாரமும் இரண்டு விதமாக இருக்கும், சேர்கிற இடத்தில் வெடித்து ஒழுகும். பத்தடி தள்ளி நிறுத்தி, நடுவில் தகரத்தால் ஒரு நடைபந்தல் போடுங்கள். குசினி பழைய இடத்திலேயே இருக்கட்டும்.

குரங்கு ஓட்டைப் புரட்டுது, யானையும் வருது. தகரமே நல்லமோ?

குரங்குக்கு முழுத் தீர்வு இல்லை. கூரைக்கு மேல் நீட்டும் கிளைகளைப் பத்தடி தூரத்துக்கு வெட்டுங்கள். பல ஓடுகளின் பின்பக்கத்தில் கம்பி கட்ட ஒரு துளை இருக்கும். தாழ்வார வரிசைகளையும் முகட்டுப் பக்கத்தையும் கம்பியால் சிலாகையோடு கட்டுங்கள். எங்களுக்கு வருடத்துக்கு இருபது ஓடு போகிறது. அதற்காகவே உடைவு போக மிஞ்சிய ஓட்டை எறியாமல் வேலியோரம் அடுக்கி வைத்திருக்கிறோம்.

யானை வீட்டைத் தேடி வருவதில்லை, நெல்லைத் தேடி வருகிறது. நெல் மூட்டையைப் படுக்கும் அறையில் அடுக்காதீர்கள். மணந்தால் சுவரை உடைக்கும், எந்தக் கூரையும் அதற்கு ஒன்றுதான்.

காணி அக்கான்ர பேரில, வீடு அம்மம்மா கட்டினது. மரம் ஆருக்குச் சொந்தம்?

நிலத்தோடு நிலைத்து நிற்பது நிலத்துக்காரருக்கு உரியது. சீதனமாக அக்காவுக்கு எழுதிய காணியென்றால் வீடும் அவருடையது. பங்குக் காணியென்றால் எல்லாப் பங்காளிகளும் இணங்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் அற்றோணித் தத்துவம் (தனக்காகச் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) அனுப்பட்டும். தொலைபேசியில் "கொண்டு போ" என்று சொன்னது காணாது. காணியை விற்பதாக இருந்தால் உறுதி எழுத முன்பே கழற்றுங்கள், அல்லது வீட்டைக் கழற்றிச் செல்லும் உரிமையை நொத்தாரிசு உறுதியிலேயே எழுதட்டும். எழுதிய பிறகு வாங்கினவர் மறித்தால் உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. தொல்லியல் திணைக்களம் பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த கட்டடமென்றால் கை வைக்கவே கூடாது.

கழட்டினாப் பிறகு பழைய வளவை அப்பிடியே விட்டிட்டு வரலாமோ?

சாமியறையில் கடைசியாக ஒரு விளக்கு வைத்து, படத்தை முதலில் எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். தலைவாசல் நிலையை எடுத்த குழியை அன்றைக்கே மண்ணால் மூடுங்கள். துருப்பிடித்த ஆணிகளைக் கூட்டி அள்ளுங்கள், அயல் பிள்ளைகள் வெறுங்காலோடு விளையாட வருவார்கள். மலசலகூடக் குழியை நிரப்புங்கள்.

கிணற்றை மட்டும் நிரப்பாதீர்கள், நல்ல தண்ணீர்க் கிணறு அயலுக்கு உதவும். ஆனால் திறந்தும் விடாதீர்கள். கூரை போன பிறகு அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது, பத்தை மூடினால் கட்டு தெரியாது, ஆடு விழும், பிள்ளை விழும். கட்டுச்சுவரை மூன்றடிக்கு உயர்த்தி, இரும்புக் கம்பிவலை மூடி போட்டுப் பூட்டி, திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள்.